மாத்திரை மேல் விழுந்த பழி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். என்ன நடந்தாலும் சரி, வேல்விழியிடம் உண்மையைச் சொல்வதில்லை.

இந்த மாதிரி முடிவெடுக்கும்போது ஆம்பளை நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். என்னால் முடியவில்லை. பழனிசெட்டிபட்டியில் என் சொந்த வீட்டு கேட்டுக்கு முன்னால், கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால் முதுகுக்குள் யாரோ கடப்பாரையைப் போட்டுத் திருகினார்கள். என்னைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிய என் நண்பன் பால்பாண்டி, தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான். அவனுக்கும் வேல்விழி என்றால் பயம்.

என் பெயர் அழகுமலை. வயது நாற்பத்தேழு. மெயின் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும் என்னிடம்தான் வரும். தலைமுடி மாதிரி இருக்கிற செம்புக் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றினாலும் என் கை நடுங்காது. வீட்டுக்குள் நுழைந்ததும் நடுங்குவது வேறு கணக்கு. அங்கே நடுங்குவது கை இல்லை, முழு ஆள்.

அன்றைக்கு நான் போயிருந்தது கெங்குவார்பட்டிக்கு. அங்கே திருவிழா. திருவிழாவில் நாற்பது வயது கடந்தோர் கபடி.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் கூடலூரில் ஒரு ஆட்டத்தில் எனக்குக் காறை எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேல்விழி என்னிடம் சத்தியம் வாங்கினாள். "இனிமே கபடி நடக்குற பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லுங்க." சொன்னேன். வாக்கையும் காப்பாற்றினேன். கெங்குவார்பட்டியில் நான் தலை வைத்துப் படுக்கவில்லை. முதுகை வைத்துத்தான் படுத்தேன். அதுவும் நானாகப் படுக்கவில்லை, எதிரணியில் நாலு பேர் தூக்கிப் போட்டார்கள்.

கேட் சத்தம் கேட்டு வேல்விழி வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க இது, இப்படி வளஞ்சு வர்றீக?"

"மோட்டார் தூக்குனேன் வேலு."

"எந்த மோட்டாரு?"

"கெங்குவார்பட்டியில. ஒரு தென்னந்தோப்புல போர்வெல்லு மோட்டாரு."

"அதக் கப்பி போட்டுல்ல தூக்குவாக?"

இருபது வருடம் ஒரு மோட்டார்காரனோடு குடும்பம் நடத்திய பெண்ணிடம் பொய் சொல்வதில் இதுதான் சங்கடம். தொழில் தெரிந்துவிடுகிறது.

"கப்பி அந்து போச்சு வேலு."

"கயிறுதான் அறும். கப்பி எப்படி அறும்?"

"ரெண்டும் சேந்து..." என்று ஆரம்பித்து, அந்த வழியில் மேலே போகப் பாதை இல்லை என்று தெரிந்து திரும்பினேன். "மூச்சுப் பிடிச்சுக்கிச்சு." அது பொய்யில்லை. கபடியில் முதலில் நான் மூச்சைப் பிடித்தேன். பிறகு மூச்சு என்னைப் பிடித்துக்கொண்டது.

அவள் என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தாள்.

"முழங்கால்ல என்ன, செம்மண்ணு?"

"தோப்புல செம்மண்ணு."

"முதுகு பூராவும் செம்மண்ணா இருக்கே. மோட்டார நீங்க தூக்குனீகளா, மோட்டாரு உங்களத் தூக்குச்சா?"

நான் "ஆத்தா" என்று முனகினேன். முனகலுக்குக் குறுக்கு விசாரணை கிடையாது. அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

மறுநாள் காலையில் தேனிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார். மோட்டார் தூக்கினேன் என்றேன். வேல்விழி பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஐந்து நாள்.

மாத்திரை நல்ல மாத்திரை. முதல் மாத்திரைக்கே முதுகு பாதி நிமிர்ந்தது. கெட்டது நான்தான். நிமிர்ந்த பிறகுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

கெங்குவார்பட்டி ஆட்டத்தை ஆளாளுக்கு செல்போனில் படம் பிடித்தார்கள். விழா கமிட்டிக்காரர்கள் மேலே ட்ரோன் வேறு விட்டிருந்தார்கள். என்னைத் தூக்கிப் போட்ட காட்சியைத் தரையிலிருந்து பார்க்கலாம், ஆகாயத்திலிருந்தும் பார்க்கலாம். அது எந்த வாட்ஸ்அப் குழுவில் நீந்திக்கொண்டிருக்கிறதோ, எந்த நிமிஷம் வேல்விழியின் போனில் கரை ஒதுங்குமோ, யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து அவள் போன் 'டிங்' என்றால் என் நெஞ்சு 'டங்' என்றது.

செவ்வாய்க்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிங். சட்னிக் கிண்ணம் என் மடியில் கவிழ்ந்தது. வேல்விழி போனை எடுத்துப் பார்த்தாள்.

"யாரு வேலு?"

"கேஸ் புக் ஆயிருச்சாம்."

"ஓ. கேஸா. நல்லது. ரொம்ப நல்லது."

"கேஸ் வர்றதுல என்ன அம்புட்டு சந்தோசம்? ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? நேத்துலருந்து பாக்குறேன், தொட்டதுக்கெல்லாம் பதறுறீக."

"நானா? பதறுறேனா?"

"கையில இருக்குற இட்லியப் பாருங்க."

பார்த்தேன். இட்லி, கரண்ட் வைத்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

நேராக பால்பாண்டியின் கடைக்குப் போனேன். எங்கள் தெருமுனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் அவன்தான். எங்கள் கபடி அணிக்குத் தலைவனும் அவன்தான். எலும்பை உடைக்க ஒரு கடை, மருந்துக்கு ஒரு கடை என்று நாங்கள் அலைய வேண்டியதில்லை.

"மாப்ள, மாட்டிக்கிருவேன்டா. வேர்த்து ஊத்துது. ஏன் வேர்க்குதுன்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

"வெயிலுன்னு சொல்லு."

"ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கேன்டா."

பால்பாண்டி யோசித்தான். பிறகு மாத்திரை அட்டைகள் வந்த பெட்டிக்குள் கையை விட்டு, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். எழுத்தெல்லாம் எறும்பு முட்டை அளவு இருந்தது. நான் காயில் கம்பி பார்க்கும் லென்ஸைக் கொடுத்தேன்.

"இதுல பக்கவிளைவெல்லாம் போட்ருப்பாக மாப்ள. வயித்து எரிச்சல்... குமட்டல்... தலசுத்தல்... நெர்வஸ்னெஸ்..."

"நிறுத்து. கடைசியா என்ன சொன்ன?"

"நெர்வஸ்னெஸ். அப்படின்னா பதட்டம், படபடப்பு. சிலருக்கு வரலாமாம்."

"அந்தச் சிலர்ல ஒருத்தன் நான்தான்டா!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மனித குலத்தில் பக்கவிளைவு வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் காகிதத்தை வேல்விழி முன்னால் விரித்தேன். நெர்வஸ்னெஸ் என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன்.

"பாத்தியா? நான் ஒண்ணும் பதறல. மாத்திரைதான் பதறுது."

அவள் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகத்தில் சந்தேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கவலை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏங்க, இத ஏன் மொதல்லயே சொல்லல? இது விளையாட்டா?" என்று எழுந்தவள், காகிதத்தோடு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மாத்திரையின் பக்கவிளைவு, பக்கத்து வீட்டு விளைவாக மாறியது அந்த நிமிஷம்தான்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் கஸ்தூரியம்மாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் நோயாளிகளே இல்லாமல் வாடிப்போயிருந்தவர். அவர் வந்து என் நாடியைப் பிடித்ததும் அந்த முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"தொண்ணூத்தெட்டு! எகிறுதே, ஆத்தா வேலு!"

எகிறாதா? அவர் நாடி பார்க்கும்போது வேல்விழியின் போன் இரண்டு தடவை டிங் என்றது.

"டாக்டருக்குப் போனப் போட்டுக் கேட்டுரு ஆத்தா. நம்மளா எதுவும் முடிவு பண்ணக் கூடாது" என்றார் கஸ்தூரியம்மாள்.

வேல்விழி போன் போட்டாள். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மூன்று நாள் பார்த்துவிட்டு அழைத்துவரச் சொன்னார். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வேல்விழியின் சொந்தச் சரக்கு.

"மூணு நாளைக்கு பைக்கத் தொடக் கூடாது. மாடிப்படி ஏறக் கூடாது. காப்பி கெடையாது. கரண்டு வேலை கெடையவே கெடையாது."

"கரண்டு வேலை இல்லேன்னா என் கடையில என்ன வேலை? நான் என்ன செய்ய?"

"சும்மா உக்காருங்க. நான் கூட வர்றேன்."

புதன்கிழமை கடையைத் திறந்தபோது வாசலில் ஸ்டூல் போட்டு வேல்விழி உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குவாளி. கையில் போன். நான் உள்ளே நாற்காலியில், கண்காட்சிக்கு வைத்த பொருள் மாதிரி இருந்தேன்.

பத்து மணிக்கு கூடலூரிலிருந்து கருத்தக்கண்ணன் வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். பதினைந்து வருடமாக என்னைத் தவிர வேறு யாரிடமும் மோட்டாரைக் காட்டாதவர். சரக்கு ஆட்டோவில் மோட்டாரோடு வந்திருந்தார்.

"தம்பி, ராத்திரி புகஞ்சு போச்சு. காய் பிடிக்கிற நேரம். நாளைக்குள்ள தண்ணி விடலேன்னா கொத்துக் கொத்தா உதிந்துரும். சாயங்காலத்துக்குள்ள கட்டிரு."

நான் எழுந்தேன். அதற்குள் வேல்விழி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, இவுகளுக்கு நெர்வஸ்."

"நர்ஸா? தம்பிக்கு நர்ஸ் வச்சுப் பாக்குற அளவுக்கு என்ன ஆச்சு?"

"நர்ஸ் இல்லண்ணே, நெர்வஸ். கை நடுங்குது. மாத்திரையோட பக்கவிளைவு."

கருத்தக்கண்ணன் என் கையைப் பார்த்தார். பதினைந்து வருடமாகத் தன் தோட்டத்தை நம்பி ஒப்படைத்த கையை, இப்போது பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே!" என்று ஸ்பேனரை எடுத்தேன். "இங்கன பாருங்க. நடுங்குதா? சொல்லுங்க, எங்கயாச்சும் நடுங்குதா?"

ஸ்பேனர் கல்வெட்டு மாதிரி நின்றது. கருத்தக்கண்ணன் முகம் தெளிந்தது. 'பரவால்லயே' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

டிங்.

ஸ்பேனர் அவர் காலில் விழுந்தது.

ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டி ஆட்டோவில் ஏறினார். "சின்னமனூர்ல கட்டிக்கிறேன் தம்பி. நீ ஒடம்பப் பாரு" என்றார். என் பதினைந்து வருடம் புகை விட்டுக்கொண்டே மெயின் ரோட்டில் போய் மறைந்தது. சிரிக்காதீர்கள்.

"யாரு வேலு, மெசேஜ்ல?" என்றேன்.

"ரீசார்ஜ் முடியப் போகுதாம்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊரே என்னைக் கவனிக்க ஆரம்பித்தது. டீக்கடையில் டீ கேட்டால் "அண்ணனுக்குப் படபடப்பு, பாலைக் குடு" என்றார்கள். ரோட்டைத் தாண்ட நின்றபோது முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். நான் அந்தப் பக்கம் போக வேண்டியதே இல்லை. திரும்பி வர இன்னொரு ஆளுக்காகக் காத்திருந்தேன்.

வியாழக்கிழமை பால்பாண்டியே கடைக்கு வந்தான். வேல்விழி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம்.

"ஏலே, பொய்யச் சொல்லி என் பொழப்பக் கெடுத்துட்டியேடா! அந்த மாத்திரைய வாங்குனவுகள்லாம் திருப்பிக் கொண்டாந்து கொட்டுறாக. 'அழகுமலைக்கு நரம்பே போயிருச்சாமே'ங்குறாக."

"நரம்பு எப்படா போச்சு?"

"நேத்து நடுங்குச்சு, இன்னைக்குப் போயிருச்சு. நாளைக்கு மாலை வாங்கிட்டு வருவாக. அது கூடப் பரவால்ல. அருண்பாண்டியத் தெரியும்ல, குமுளிக்கு ஜீப் ஓட்டுற அருண்பாண்டி? இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதிக் குடுத்து ஒழுங்கா சாப்பிட்டுக்கிட்டிருந்தான். ஒன் கதையக் கேட்டு நிறுத்திட்டான். இன்னைக்குக் காலையில மலையில பாதி வளைவுல இடுப்புப் பிடிச்சு வண்டிய ஓரங்கட்டிட்டானாம். பத்துப் பேரு பஸ் பிடிச்சுப் போயிருக்காக."

ஒரு கபடி ஆட்டத்தை மறைக்கச் சொன்ன பொய், மலையில் பத்துப் பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருந்தது. அருண்பாண்டிக்கு உடனே போன் போட்டேன்.

"தம்பி, அந்த மாத்திரை மேல ஒரு குத்தமும் இல்லப்பா. டாக்டரக் கேட்டுக்கிட்டு மறுபடியும் சாப்பிடு."

"அண்ணே, ஒங்க கை நடுங்குதுன்னு சொன்னாகளே?"

"அது... வேற நடுக்கம் தம்பி."

"வேற வேற நடுக்கம் கூட வருதா!" என்று அலறி அவன் போனை வைத்துவிட்டான்.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை நிறுத்தியதில் முதுகு மறுபடியும் வளைந்துவிட்டது. விலாப் பக்கம் மூச்சு விட்டால் குத்தியது. சொல்லிவிடலாமா என்று பத்துத் தடவை வாயைத் திறந்தேன். பத்துத் தடவையும் கொட்டாவியாக மாற்றி மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வேல்விழி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கவா?"

இந்த உலகத்தில் நான் மிகவும் பயப்படுகிற வாக்கியம் அது.

"மாத்திரைய நிறுத்தி மூணு நாளாச்சு. மாத்திரையாலதான் படபடப்புன்னா, இப்பப் போயிருக்கணும்ல?"

"ஒடம்புல மிச்சம் இருக்கும் வேலு."

"ஒரு நாள்ல வெளிய போயிரும்னு கஸ்தூரியக்கா சொன்னாக."

"எனக்கு எல்லாமே நிதானமாத்தான் போகும்."

"மாத்திரை போட்டப்பயும் பதறுனீக. நிறுத்துன பொறகும் பதறுறீக. அப்ப அது மாத்திரை இல்ல. ஒண்ணு, ஒங்களுக்குப் பெரிய நோவு என்னமோ இருக்கணும்." என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "இல்ல, மனசுல என்னமோ இருக்கணும். வாங்க, டாக்டர்ட்டயே கேட்டுருவோம்."

ஆட்டோவில் போகும்போது என் இரண்டு பக்கமும் கதவு இல்லை. குதித்துவிடலாம் என்று கூடத் தோன்றியது. முதுகு ஒத்துழைக்கவில்லை.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் மேஜையில் படுக்க வைத்து முதுகை அங்கங்கே அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

டாக்டர் என்னை எழுப்பி உட்கார வைத்தார். "பளு தூக்கினா கீழ இடுப்புப் பக்கம் பிடிக்கும். உங்களுக்கு மேல, விலாவுக்குப் பின்னால வலிக்குது. மூச்சு விட்டாக் குத்துதா? இது அடிபட்ட மாதிரி இருக்கே. எங்கயாவது விழுந்தீங்களா?"

நான் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அதற்கு மட்டும் என் நிலைமை புரிந்த மாதிரி பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"விழுந்திருந்தா எக்ஸ்ரே எடுக்கணும். விலாவுல கீறல் இருந்தா தெரிஞ்சுக்கணும். மறைக்காதீங்க. நீங்க மோட்டார் தூக்கினதாச் சொன்னதை நம்பித்தான் அன்னைக்கு எக்ஸ்ரே இல்லாம அனுப்பினேன்."

நான் வேல்விழியைப் பார்த்தேன். விசாரணை செய்கிற முகத்தை எதிர்பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"சொல்லுங்க" என்றாள் மெதுவாக. "எனக்குத் தெரியும். ஒங்க வாயால சொல்லுங்க."

"எ... என்ன தெரியும்?"

"தெரியுங்க."

அவ்வளவுதான். ஐந்து நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு விட்டுப் போயிற்று.

"கபடி டாக்டர்" என்றேன். "கெங்குவார்பட்டியில கபடி. ரெய்டு போனேன். நாலு பேரு தூக்கிப் போட்டாக. மோட்டாரும் இல்ல, கப்பியும் இல்ல. அந்த மாத்திரை பாவம், அது ஒரு தப்பும் பண்ணல."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எக்ஸ்ரேவுக்கு எழுத ஆரம்பித்தார். நான் வேல்விழி பக்கம் திரும்பினேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழமையே தெரியும். எங்க பெரியம்மா மக சுருளியம்மா கெங்குவார்பட்டியிலதான இருக்கா? நாலு மணிக்கே வீடியோ அனுப்பிட்டா."

"ஞாயித்துக்கெழமையேவா! அப்ப அஞ்சு நாளா ஒவ்வொரு டிங்குக்கும் நான் செத்துச் செத்துப் பொழச்சது?"

"நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன்." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வீடியோவுல ஒங்களத் தூக்குறாக. கீழ போடுறாக. அதோட முடிஞ்சு போச்சு. நீங்க எந்திரிச்சீகளா இல்லையான்னு அதுல இல்ல. போனப் போட்டேன், எடுக்கல. எட்டுத் தடவ போட்டேன். சுருளியம்மாவும் எடுக்கல. ஒன்றரை மணி நேரம். நீங்க கேட்டுக்கிட்ட வந்து நிக்கிற வரைக்கும் ஒங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். எனக்கு வந்த படபடப்பு எந்த மாத்திரைக் காகிதத்துலங்க போட்ருக்கு?"

ஆட்டத்தின்போது போனை பால்பாண்டியின் பைக் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவள் கூப்பிட்டது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்தபின் எட்டு அழைப்புகளையும் பார்த்தேன். திட்டத்தான் கூப்பிட்டிருப்பாள், இல்லாவிட்டால் ஏதோ சாமான் வாங்கிவரச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துவிட்டேன். அப்படி ஒரு முட்டாளை இதுவரை எந்த எக்ஸ்ரேயிலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. நெஞ்சு கரைந்து ஓடியது. இப்படி ஒரு பெண்ணிடமா பொய் சொன்னோம்? இனி இந்த ஜென்மத்தில் ஒளிவு மறைவு கூடாது. ஒரு துளி கூடாது. மிச்சம் மீதி இல்லாமல் எல்லாவற்றையும் இப்போதே, இங்கேயே கொட்டிவிட வேண்டும். வாசகர்களாகிய உங்களிடமும் நான் சொல்லாமல் விட்டது கொஞ்சம் உண்டு. மன்னித்துவிடுங்கள்.

அவள் கையைப் பிடித்தேன்.

"என்னைய மன்னிச்சுரு வேலு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இனி மறைச்சு என்ன? தை மாசம் சின்னமனூருக்குச் செம்புக் கம்பி வாங்கப் போனேன்ல, அதுவும் கபடிதான். மாசியில உத்தமபாளையத்துல கூட்டாளி வீட்டுக் காதுகுத்துன்னு சொன்னேன். யாருக்கும் காதே குத்தல. போன மாசம் கம்பத்துல நம்ம டீமு ஜெயிச்சு எனக்கு ஒரு கப்பு கூடக் குடுத்தாக. கடையில பழைய மோட்டாருக் கூட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டும் ஒரு வார்த்த கேக்காம இருந்த பாரு, நீ மனுசியே இல்ல வேலு, தெய்வம்!"

டாக்டரின் பேனா நின்றது.

வேல்விழி என் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"எனக்கு கெங்குவார்பட்டி மட்டுந்தாங்க தெரியும்."